மேற்கே மலை, கிழக்கே வேலை

குடும்பத்தோடு கோவைக்குக் குடிவருகிறீர்களா? எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்று முடிவெடுக்கும் முன், மலையிலிருந்து ஊருக்குள் இறங்கி வரும் மூன்றைக் கவனியுங்கள்.

கோவையில் வீடு தேடுகிறவரைத் தரகர் முதலில் அழைத்துப் போகும் இடம் மொட்டை மாடி. "அதோ மருதமலை" என்று கை நீட்டுவார். சென்னையிலோ பெங்களூரிலோ எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துப் பழகியவர் அந்த இடத்திலேயே பாதி சம்மதித்துவிடுகிறார். குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும், பிள்ளைகளின் பள்ளி வேன் எத்தனை மணிக்கு வாசலில் வந்து நிற்கும் என்ற கேள்விகள் எல்லாம் முன்பணம் கைமாறிய பிறகுதான் ஞாபகத்துக்கு வருகின்றன.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோவை. மேற்கில் வெள்ளியங்கிரியும் சிறுவாணி மலைகளும், வடமேற்கில் மருதமலையும் குருடி மலையும், வடக்கே நீலகிரியும் ஊரை வளைத்து நிற்கின்றன. தென்மேற்கில் மட்டும் தொடர் அறுபட்டு, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனால் ஊர் பிழைப்புத் தேடிப் போனது எதிர்த் திசையில். பஞ்சாலைகளும் பொறியியல் கல்லூரிகளும் விமான நிலையமும் அவிநாசி சாலையையும் திருச்சி சாலையையும் பிடித்துக் கிழக்கே போயின. பிறகு வந்த ஐ.டி. வளாகங்கள் விளாங்குறிச்சி, சரவணம்பட்டி, கீரணத்தம் என்று வடகிழக்கில் அமர்ந்தன. கோவையில் குடும்பத்துக்கு இடம் பார்ப்பது என்றால், மேற்கே உள்ள மலைக்கும் கிழக்கே உள்ள வேலைக்கும் நடுவில் எங்கே நிற்கப்போகிறோம் என்று தீர்மானிப்பதுதான்.

மலை எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பது இந்தத் தீர்மானத்துக்கு அதிகம் உதவாது. அங்கிருந்து தண்ணீர் வருகிறது, காற்று வருகிறது, யானை வருகிறது. இந்த மூன்றில் எது எந்தத் தெரு வரைக்கும் வருகிறது என்பதுதான் அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும்.

சிறுவாணியா, பில்லூரா?

வீட்டுக்கு என்ன தண்ணீர் என்று கேட்டால் கோவைக்காரர் ஆற்றின் பெயரையோ அணையின் பெயரையோதான் பதிலாகச் சொல்வார். மேற்குப் பகுதிகளுக்கும் நகர மையத்துக்கும் பெரும்பாலும் சிறுவாணி. வடக்கிலும் கிழக்கிலும் பில்லூர். தெற்கே குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீரும் சேர்கிறது.

உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவை பெருமை பேசும் சிறுவாணியின் அணை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக்குள் இருக்கிறது. 1973-இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் தமிழகப் பக்கம் வருகிறது. அணையின் நீர்த்தேக்க உயரம் சுமார் 50 அடி. அணையின் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில ஆண்டுகளாகக் கேரளம் அதை முழுதாக நிரம்ப விடுவதில்லை. ஏறத்தாழ 45 அடியோடு நிறுத்திவிடுகிறது. ஆகவே நல்ல மழை பெய்த ஆண்டுக்குப் பிறகும் கோடையில் சிறுவாணிப் பகுதிகளில் தண்ணீர் விடும் இடைவெளி நீளக்கூடும். பில்லூர் அணை பவானி ஆற்றின் குறுக்கே நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அதன் மூன்றாவது குடிநீர்த் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கிறது.

புதிதாக வருகிறவர் ஏமாறுவது 'மாநகராட்சி எல்லை' என்ற சொல்லில். 2011-இல் வடவள்ளி, வீரகேரளம், கவுண்டம்பாளையம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, குறிச்சி, குனியமுத்தூர் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டு கோவை மாநகராட்சி 100 வார்டுகளாக, 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எல்லைக்கோடு ஒரே நாளில் நகர்ந்தது. குழாயும் பாதாளச் சாக்கடையும் அந்த வேகத்தில் நகரவில்லை. 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம்கூடப் பழைய நகரப் பகுதியில் அடங்கும் 60 வார்டுகளை வைத்துத்தான் போடப்பட்டது. இணைந்த பகுதிகளில் செப்டிக் டேங்கும் கழிவு லாரியும் இன்னும் அன்றாடக் காட்சி.

எனவே வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள். நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறையா, இரண்டு முறையா? பகலிலா, நடுராத்திரியிலா? வேலைக்குப் போகும் தம்பதிக்கு இந்தக் கடைசிக் கேள்வி தூக்கம் சம்பந்தப்பட்டது. தரைத்தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்? போர் எத்தனை அடி? கோவையில் ஆயிரம் அடி போர் என்பது அதிசயம் இல்லை. அந்த ஆழத்திலிருந்து வரும் உப்புத் தண்ணீர் ஹீட்டரையும் குழாயையும் வெள்ளை பூக்க வைத்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் போன ஏப்ரல், மே மாதப் பராமரிப்புக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போனது என்பதில் அந்த இடத்தின் கோடை எப்படி என்று தெரிந்துவிடும்.

வருகிற தண்ணீரைப் போலவே போகிற தண்ணீரையும் பார்க்க வேண்டும். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், பேரூர் வழியாக ஊருக்குள் வந்து உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர் குளம் என்று வரிசையாகக் குளங்களை நிரப்பிக்கொண்டு கிழக்கே போகிறது. இந்தக் குளங்களையும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் பள்ளங்களையும் நெருக்கிக்கொண்டுதான் நகரம் வளர்ந்திருக்கிறது. கோடையில் வறண்டு, குப்பை நிறைந்து கிடக்கும் பள்ளம் ஐப்பசி மழையில் ஆறாகிவிடும். 2025 ஜனவரியில் சங்கனூர் பள்ளத்தின் கரையில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது மாடி வீடு ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. மலையோர ஊர், தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள், ஒரு மணி நேர மழைக்கே அவிநாசி சாலைப் பழைய மேம்பாலத்தின் அடியிலும் லங்கா கார்னரிலும் தண்ணீர் தேங்கி வண்டிகள் நிற்பதை ஒரு முறை பார்க்க வேண்டும்.

கணவாய்க் காற்று

ஊர் முழுவதற்கும் ஒரே பருவநிலை என்று நினைத்துவிட வேண்டாம். மழை மறைவுப் பகுதியில் இருக்கும் கோவை நகரில் ஆண்டுக்குப் பெய்வது 600, 700 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் தொண்டாமுத்தூர், ஆலாந்துறை பக்கம் நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும்போது சூலூரில் வெயில் அடிக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தெற்கு, தென்மேற்குப் பகுதிகளில் நேராக மோதுகிறது. கோவைப்புதூர், குனியமுத்தூர், ஈச்சனாரி வீடுகளில் அந்த மாதங்களில் மின்விசிறிக்கு ஓய்வு கிடைக்கும். ஜன்னலோரம் தூசியும் படியும். ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வெள்ளலூர் குப்பைக் கிடங்கின் வாடையும் காற்றின் திசையைப் பொறுத்ததுதான். 2024 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து எரிந்தபோது சுற்றுப்புறத்தில் இருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறினார்கள். போத்தனூர், வெள்ளலூர் பக்கம் வீடு பார்ப்பவர்கள் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போய் நின்றுவிட்டு வருவது நல்லது.

யானைக்கு விலாசம் தெரியும்

மலையடிவாரத்தில் தோட்டத்தோடு வீடு. இடம்பெயர்ந்து வரும் பல குடும்பங்களின் கனவு இதுதான். விளம்பரப் பலகைகளும் இதைத்தான் விற்கின்றன. பலகையில் எழுதாத ஒன்றை வனத்துறை அறிவிப்புப் பலகை எழுதி வைத்திருக்கும்: யானைகள் நடமாடும் பகுதி.

பாலக்காட்டுப் பக்கத்துக் காடுகளுக்கும் நீலகிரிக்கும் நடுவே போய்வரும் யானைகளுக்குக் கோவையின் மேற்கு அடிவாரம்தான் வழி. மதுக்கரை, போளுவாம்பட்டி, மருதமலை, தடாகம், பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் அருகே கல்லாறு என்று குறுகலான ஒரு பட்டை. அதில் கல்வி நிறுவனங்களும் ஆசிரமங்களும் மனைப்பிரிவுகளும் வந்து அமர்ந்தன. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை வெட்டி வெட்டி நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் இயங்கிவந்தன. 2021-இல் அவை மூடப்பட்டன. மண் எடுத்த பெருங்குழிகள் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

அந்தப் பள்ளத்தாக்கில் சுற்றிக்கொண்டிருந்த சின்னத்தம்பி என்ற யானையை 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது சில நாட்களிலேயே காட்டைவிட்டு வெளியேறி, உடுமலைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. மறுபடி பிடித்து முகாமில் அடைத்துக் கும்கியாக்கினார்கள். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் நோயுற்றுக் கிடந்த பெண் யானை ஒன்று சிகிச்சை பலனின்றி இறந்தது. உடற்கூறாய்வில் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவும் கருவில் குட்டியும் இருந்தது தெரிந்தது. அடிவாரத்தில் வீடு பெருகினால் குப்பை பெருகும்; குப்பையின் மணத்துக்கு யானை வரும். இந்தக் கணக்கில் புதிதாகக் குடிவருகிறவரும் ஒரு பங்குதாரர்.

காட்டின் ஓரத்தில் வாழவே முடியாது என்பதில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அரிசி மூட்டையைப் பின்வாசல் அறையில் வைப்பதில்லை. விடிவதற்கு முன் தனியாக வெளியே நடப்பதில்லை. பலா பழுக்கும் காலத்தில் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பார்கள். காலை ஐந்து மணி நடைப்பயிற்சிக்கும் இரவுப் பணி முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்புவதற்கும் பழகிய நகரக் குடும்பம் அந்த ஒழுங்குக்கு மாறத் தயாரா என்பதுதான் கேள்வி. சிறுத்தை விஷயத்தில் அடிவாரம் என்ற எல்லைகூடக் கிடையாது. 2022 ஜனவரியில் குனியமுத்தூர் அருகே பி.கே.புதூரில் கிடங்கு ஒன்றுக்குள் புகுந்த சிறுத்தை, பல நாள் காத்திருப்புக்குப் பிறகே கூண்டில் சிக்கியது.

கண்ணில் விழும் வெயில்

வடவள்ளியில் வீடு, சரவணம்பட்டியில் வேலை. கோவையில் அடிக்கடி காணும் இணை இது. தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். சென்னைவாசி இதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் இந்த ஊரின் பெரிய சாலைகள் எல்லாம் மையத்திலிருந்து வெளியே ஓடுபவை. பக்கவாட்டில் ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குப் போக நல்ல வழிகள் குறைவு. இடையர்பாளையம், கவுண்டம்பாளையம், துடியலூர் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று போக வேண்டும். இன்னொரு தொந்தரவும் உண்டு. காலையில் கிழக்கே போகும்போது சூரியன் கண்ணுக்கு நேராக இருக்கும். மாலையில் மேற்கே திரும்பும்போதும் அப்படியே. கிழக்கே வீடும் மேற்கே வேலையும் இருப்பவருக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகில்.

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அவிநாசி சாலையில் கட்டிய ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதனால் மையத்துக்கும் விமான நிலையப் பக்கத்துக்கும் நடுவே நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது. உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் தெற்குக்காரர்களுக்கு அதே நன்மையைச் செய்தது. சத்தி சாலைக்கு அப்படி ஒன்று இல்லாததால் கணபதி வழியாகப் போகிறவர் பாடு மாறவில்லை. 'வரப்போகும்' திட்டத்தை நம்பி வீடு எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மெட்ரோ ரயிலைக் காட்டி இங்கே எத்தனையோ மனைகள் விற்கப்பட்டன. ஒன்றிய அரசோ அந்தத் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. இன்று ஓடுகிற பேருந்தையும் இன்று இருக்கிற சாலையையும் வைத்துத்தான் வீடு பார்க்க வேண்டும்.

யாருக்கு எந்தப் பக்கம்?

கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலையில், பிள்ளைகள் தொடக்கப்பள்ளி வயதில் என்றால் சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி வட்டாரமே நடைமுறைக்குச் சரி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் கால் மணி நேரத்தில் போய் நிற்கலாம். இந்த வசதிக்காகத் தண்ணீரிலும் மரநிழலிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மலை தூரத்தில் நீலக் கோடாகத் தெரியும். அதுவும் வானம் தெளிந்த நாளில்.

பெற்றோரும் உடன் வருகிறார்கள் என்றால் மருத்துவமனைத் தூரம் முதல் கேள்வியாகிவிடுகிறது. பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் அவிநாசி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, பாப்பநாயக்கன்பாளையம் என்று மையத்தையும் கிழக்கையும் ஒட்டியே இருக்கின்றன. பீளமேடும் சாய்பாபா காலனியும் ராம்நகரும் ஆர்.எஸ்.புரமும் வாடகையில் கடித்தாலும், நடந்து போகும் தூரத்தில் கடை, கோயில், மருந்தகம், பாதாளச் சாக்கடை என்று முதியவர்களுக்குத் தேவையானதைத் தருகின்றன. பீளமேடு, கணபதி, சின்னவேடம்பட்டி வட்டாரத்தில் ஒரு எச்சரிக்கை: மோட்டாரும் பம்பும் செய்து பேர் வாங்கிய ஊர் இது. அடுத்த தெருவிலேயே பவுண்டரியோ லேத் பட்டறையோ இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வீடு பார்த்தால் அந்தச் சத்தம் காதில் விழாது.

வேலைக்குத் தினமும் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பவர்களுக்கு வடவள்ளி, வீரகேரளம், கோவைப்புதூர் ஏற்ற இடங்கள். வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் சார்ந்த குடும்பங்களும் ஓய்வுபெற்றவர்களும் நிறைந்த வடவள்ளிக்கு நிதானமான ஒரு நடை உண்டு. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துக்கு வேறொரு அனுகூலம்: மேட்டுப்பாளையம் – கோவை பயணிகள் ரயில் நின்று போகிறது. மையத்தில் வேலை பார்ப்பவருக்கு அது சாலை நெரிசலைத் தவிர்க்கும் மலிவான வழி. பட்ஜெட் இறுக்கமான குடும்பங்கள் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சுந்தராபுரம், போத்தனூரைப் பார்க்கலாம். பேருந்து வசதி நன்றாக உள்ள, பழைய ஆலைத் தொழிலாளர் குடும்பங்களும் ரயில்வே குடும்பங்களும் வளர்த்த பகுதிகள் இவை.

மனை வாங்கும் முன்

● மேற்கு அடிவாரக் கிராமங்களில் மனை என்றால் 'ஹாகா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். 1990-இல் அமைக்கப்பட்ட இக்குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவுக்குக் கூடுதல் அனுமதி தேவை. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

● உள்ளூர் திட்டக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண் இல்லாத மனையைத் தொடாதீர்கள். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கான வரன்முறைத் திட்டத்தைக் காட்டி, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

● 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட புதிய திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரேராவில் பதிவாகியிருக்க வேண்டும்.

● பட்டா, வில்லங்கச் சான்றோடு புல வரைபடத்தையும் வாங்குங்கள். ஓடை, பள்ளம் எங்கே ஓடியது என்பதை அது காட்டும். தரையில் சமன் செய்துவிட்டாலும் வரைபடத்தில் கோடு இருக்கும்.

முதலில் வாடகை

வந்த வேகத்தில் வாங்குவதைவிட ஒரு முழுச் சுற்று வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. மே மாத இறுதியில் பள்ளி திறக்கும் முன் வந்தால், ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் பங்குனி வெயிலும் ஒவ்வொன்றாக அந்த வீட்டைச் சோதித்துக் காட்டும். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தனியாகப் பேசிக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைதான். நடைமுறையில் அதற்கு மேல் கேட்கிறார்கள். சட்டம் தெரிந்து பேசினால் குறைக்கவும் செய்கிறார்கள்.

எதை முதலில் வைப்பது என்பதில் இந்த ஊருக்குப் பொருந்தும் வரிசை இது: தண்ணீர், பள்ளி, மருத்துவமனை, வேலை, கடைசியில் மலை. வேலையை நான்காவதாக வைப்பதற்குக் காரணம், அது மூன்று ஆண்டில் மாறக்கூடும். பிள்ளையின் பள்ளி அத்தனை சுலபமாக மாறாது. மலையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அது யாருக்கும் தொலைவில் இல்லை. ஊரின் எந்த மூலையிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினால் வெயில் ஏறும் முன் அடிவாரம் போய்விடலாம். எல்லாரும் அடிவாரத்திலேயே குடியேறினால்தான் பார்க்கப் போக மலை இல்லாமல் போகும். தடாகத்தின் குழிகளும் சோர்ந்து விழுந்த அந்த யானையும் சொல்வது அதைத்தான்.

வழக்கமான வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். அதற்குள் தண்ணீர் விடுகிற கிழமையும், பள்ளி வேன் தாமதமாகும் சந்திப்பும், மழைக்கு அடைபடும் பாலமும் உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். வீடு வாங்குவதானால் அப்போது வாங்குங்கள். எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.